மலையிலிருந்து எலும்பு வரை

காரீயம் தானாக எங்கும் போவதில்லை. தண்ணீரைவிடப் பதினோரு மடங்கு கனம் அதற்கு. மண்ணுக்குள் கிடந்தால், கிடந்த இடத்திலேயே யுகக்கணக்கில் கிடக்கும். புகையாகிப் பறக்க வேண்டுமென்றால் யாராவது உலை மூட்ட வேண்டும். அப்படிப்பட்ட உலோகம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், ஈஸ்ட் சிகாகோ என்ற சிறு நகரத்தில், ஏழைகளுக்காக அரசுப் பணத்தில் கட்டிய ஒரு குடியிருப்பின் மண்ணில், ஓர் இடத்தில் கிலோவுக்கு 91,100 மில்லிகிராம் இருந்தது. அதாவது ஒரு கிலோ மண்ணில் 91 கிராம் காரீயம். வீட்டு மண்ணில் இதற்கு மேல் இருந்தால் சுத்தம் செய்ய வேண்டும் என்று அன்று அந்நாட்டு அரசு வைத்திருந்த அளவு 400 மில்லிகிராம். அந்த மண்ணில்தான் குழந்தைகள் விளையாடினார்கள்.

அங்கே அது எப்படி வந்தது? 'மாசு பரவியது', 'நஞ்சு கசிந்தது' என்று செய்திகளில் படிக்கிறோம். அந்தச் சொற்களில் ஆட்களே இல்லை. ஈஸ்ட் சிகாகோவுக்கு வந்த காரீயத்தைப் பின்தொடர்ந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் இருக்கிறார், கையெழுத்து இருக்கிறது, இது நஞ்சு என்று முன்பே சொன்ன ஒரு குரலும் இருக்கிறது.

அதன் பிறப்பிலிருந்தே தொடங்கலாம். யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, பல வடிவங்கள் எடுத்து, கடைசியில் காரீயமாகி அடங்குகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் கிளேர் பேட்டர்சன் என்ற வேதியியலர் 1956-இல் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று சொன்னார். அந்த ஆய்வில் அவரைப் படாதபாடு படுத்தியது வேறொரு சங்கதி. ஆய்வகத் தூசியில், காற்றில், தண்ணீரில், கண்ணாடிக் குடுவையில், எங்கும் காரீயம். விண்கல்லில் இருந்த துளியை அளக்க விடாமல் வெளியிலிருந்து அது வந்து விழுந்துகொண்டே இருந்தது. அதைத் தடுக்க மிகத் தூய்மையான தனி ஆய்வறை ஒன்றை உருவாக்கினார். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியை, இவ்வளவு காரீயம் இயற்கையில் இல்லை, மனிதர் தோண்டி எடுத்துப் பரப்பியதுதான் என்று நிறுவுவதிலேயே செலவிட்டார்.

தோண்டி எடுத்த இடங்களில் ஒன்று யூட்டா மாநிலத்து மலைகள். அங்கே அது கந்தகத்தோடு பிணைந்து கலீனா என்ற கனிமமாகக் கிடந்தது. கலீனாவை உடைத்தால் சதுரம் சதுரமாகப் பிளக்கும், வெள்ளி போலப் பளபளவென்று மின்னும். சில இடத்துக் கலீனாவில் உண்மையாகவே கொஞ்சம் வெள்ளியும் கலந்திருக்கும். அந்த வெள்ளிதான் மலைக்கு வினையாகியது. வெள்ளியைத் தேடிப் போனவர்களின் மூட்டையில் காரீயமும் சேர்ந்து வந்தது. மிட்வேல், டூவில்லா ஆகிய ஊர்களின் உருக்காலைகளில் கனிமத்தை எரித்துக் கந்தகத்தை விரட்டி, உருக்கி, வெள்ளியும் மற்ற உலோகங்களும் கலந்த கச்சாக் கட்டிகளாக வார்த்தார்கள். புகையும் கசடும் அந்த ஊர்களுக்கே மிச்சம். அந்த இரண்டு ஊர்களின் உருக்காலை இடங்களும் பின்னாளில் 'சூப்பர்ஃபண்ட்' என்ற பட்டியலில் ஏறின. நாட்டிலேயே மிக மோசமாக நஞ்சேறிய இடங்களுக்காக அமெரிக்க அரசு வைத்திருக்கும் பட்டியல் அது.

கட்டிகள் ரயிலேறின. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய் மிச்சிகன் ஏரியின் தென்கரையில் இறங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கரையில் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. நாற்புறமும் இருப்புப்பாதை, கப்பல் வர ஏரி, பக்கத்திலேயே சிகாகோ சந்தை, மலிவான சதுப்புநிலம், கழிவைக் கொட்ட கிராண்ட் கலூமெட் ஆறு. உருக்காலை முதலாளிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஈஸ்ட் சிகாகோவில் கென்னடி அவென்யூவை ஒட்டி, ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் மூன்று ஆலைகள் காரீயத்தோடு மல்லுக்கட்டின.

முதலாவது, யூஎஸ்எஸ் லெட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சுத்திகரிப்பு ஆலை. 1906 வாக்கில் செம்பு ஆலையாகத் தொடங்கி, 1920-இல் கைமாறிக் காரீயத்துக்கு வந்தது. இங்கே நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கச்சாக் காரீயத்தை உருக்கிக் கனத்த தகடுகளாக வார்ப்பார்கள். அமிலக் கரைசல் நிரம்பிய நீளத் தொட்டிகளில் அவற்றை வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு கனத்த தகட்டுக்கும் எதிரே தூய காரீயத்தில் செய்த மெல்லிய தகடு ஒன்று. கரைசலில் சிறிது பசையும் சேர்ப்பார்கள். பசை இல்லாவிட்டால் படியும் காரீயம் முள் முள்ளாக வளரும், சேர்த்தால் வழவழவென்று படியும். மின்சாரம் பாய்ந்ததும் கனத்த தகடு இளைக்கும், மெல்லிய தகடு பருக்கும். வெள்ளி, தங்கம், பிஸ்மத் எல்லாம் கரையாமல் பழைய தகட்டின் மேல் கரிய சேறாகத் தங்கும். அதைச் சுரண்டி எடுத்தால் வெள்ளி கைக்கு வரும். யூட்டா மலையில் தொடங்கிய தேட்டம் இந்தத் தொட்டியில் முடிந்தது. வெள்ளி போக மிஞ்சிய காரீயத்துக்கு வேறு வாங்குபவர் வேண்டும்.

காரீயத்துக்கான ஒரு பயன் பக்கத்து ஆலையிலேயே இருந்தது. இரண்டாவது ஆலை அனகோண்டா நிறுவனத்துடையது. அங்கேயும் காரீயத்தைச் சுத்திகரித்தார்கள். அதைவிட முக்கியமாக, வெள்ளைக் காரீயம் செய்தார்கள். வெள்ளைக் காரீயம் என்பது பெயிண்டுக்கான மாவு. எண்ணெயோடு குழைத்துச் சுவரில் பூசினால் அடியில் இருப்பதை முழுக்க மூடும், வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. பழைய முறையில் காரீயச் சுருள்களைக் காடிப் பானைகளோடு சாணத்தில் புதைத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அனகோண்டா அதை மின்சாரத்தால் செய்தது. கரைசலில் காரீயம் கரைந்து வெண்மையாகப் படியும். அதை வடிகட்டி, கழுவி, உலர்த்தி, அரைத்துப் பீப்பாய்களில் அடைப்பார்கள். உலர்த்தி அரைக்கும் இடத்தில் எவ்வளவு தூசி பறந்திருக்கும் என்று மாவு மில் பக்கம் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தூசி என்ன செய்யும் என்று அன்றைக்கே தெரியும். ஆலைகளிலிருந்து ஏறக்குறைய இருபது மைல் தள்ளி, சிகாகோவின் ஹல் ஹவுஸில் ஏழைக் குடியேறிகளோடு வாழ்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன், 1910-இல் இல்லினாய் மாநிலத்துக்காகத் தொழில்நோய்களை ஆராயத் தொடங்கினார். ஆலை ஆலையாக ஏறி இறங்கினார். ஆலை வாசலோடு நிற்காமல் தொழிலாளர் வீடுகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனார். வயிற்று வலியில் சுருண்டவர்கள், மணிக்கட்டு தூக்க முடியாமல் கை தொங்கிப் போனவர்கள், புத்தி தடுமாறியவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிக் கண்டார். கை கழுவாமல் சாப்பிடுவதால்தான் தொழிலாளிக்கு இது வருகிறது என்று முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையில் ஒட்டியதைவிட, மூச்சில் போகும் தூசியும் புகையுமே கொல்கின்றன என்று ஹாமில்டன் காட்டினார். எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைகளில் காரீய நஞ்சு இருப்பதைப் பட்டியலிட்டார்.

அவர் சொன்னதை நம்ப மறுத்த ஒரு பெயிண்ட் நிறுவனத்தின் உயர் அதிகாரி, நிரூபித்துக் காட்டினால் எல்லாம் செய்கிறேன் என்றார். அவருடைய ஆலைகளிலேயே நஞ்சேறியவர்களின் விவரத்தைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தார் ஹாமில்டன். சொன்ன சொல்லைக் காப்பாற்றி அந்த அதிகாரி ஆலைகளைச் சீர்திருத்தினார். இதை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நேர்மையாக நடந்துகொள்ள அன்றைக்கும் வழி இருந்தது. அறிவியல் வளரவில்லை, யாருக்கும் தெரியாது என்ற வாதம் 1911-லேயே காலாவதியாகிவிட்டது.

உலகத்துக்கும் தெரியும். வீட்டுக்குள் பூசும் பெயிண்டில் வெள்ளைக் காரீயம் கூடாது என்று பிரான்ஸ் 1909-இல் சட்டம் போட்டது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் அதற்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. வீட்டு பெயிண்டில் காரீயத்துக்கு அங்கே தடை வந்தது 1978-இல். அந்த இடைவெளியில் எத்தனை கோடி சுவர்களும் சன்னல் சட்டங்களும் தொட்டில்களும் வெள்ளையடிக்கப்பட்டன! (இந்தியாவில் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான்.)

மூன்றாவது ஆலையில் பூச்சிமருந்து. கிராசெல்லி என்ற இரசாயன நிறுவனத்தின் இடம் அது, 1928-இல் டூபாண்டின் கைக்குப் போனது. அங்கே 1949 வரை காரீயத்தையும் ஆர்சனிக்கையும் சேர்த்து லெட் ஆர்சனேட் செய்தார்கள். ஆப்பிள் பழத்தைத் துளைக்கும் புழுவுக்கு அமெரிக்கத் தோட்டங்களெல்லாம் தெளித்த மருந்து அது. டிடிடி வந்ததும் அதற்கு மவுசு போயிற்று. ஆனால் ஈஸ்ட் சிகாகோ மண்ணில் காரீயத்தோடு ஆர்சனிக்கும் கிடைப்பதற்கு இந்த ஆலைகளின் பழைய கணக்கே காரணம்.

1946 வாக்கில் அனகோண்டா ஆலையில் வேலை நின்றது. யூஎஸ்எஸ் லெட் மட்டும் தொடர்ந்தது. 1973-க்குப் பிறகு அதற்கு யூட்டா கட்டிகள் தேவைப்படவில்லை. நாடு முழுக்க ஓடிக் களைத்த கார்களின் பேட்டரிகள் இருந்தன. அமிலத்தை வடித்து, பேட்டரியை உடைத்து, உள்ளிருக்கும் காரீயத் தகடுகளை உலையில் போடுவார்கள். காரீயம் மறுபடி உருகி வெளியே வரும். மறுசுழற்சி என்ற பெயருக்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் உலை வாயிலிருந்து கிளம்பும் நுண்தூசியைத் துணிப்பைகளில் பிடித்து, அதை வளாகத்திலேயே குவித்து வைத்தால், காற்று அதற்கு வேறொரு சுழற்சியைக் காட்டும். கசடு பக்கத்துச் சதுப்புநிலத்தில் கொட்டப்பட்டது. தூசி வேலி தாண்டியது. 1985-இல் ஆலை மூடப்பட்டபோது அதைச் சுற்றி ஊர் இருந்தது.

அந்த ஊர் யாருடையது? ஏரிக்கரை இரும்பாலைகளுக்கு மெக்சிகோவிலிருந்து ஆள் சேர்த்தார்கள், அமெரிக்கத் தென்மாநிலங்களின் கொடுமையிலிருந்து கறுப்பின மக்கள் வேலை தேடி வந்தார்கள். உலைக்குப் பக்கத்து வேலைகளில் நின்றவர்களில் இவர்கள் ஏராளம். உலைக்குப் பக்கத்துத் தெருக்களில் வீடு கிடைத்ததும் இவர்களுக்குத்தான். நிறத்தைப் பார்த்து வீடு மறுப்பதும் கடன் மறுப்பதும் அந்நாட்டில் நெடுங்காலம் சர்வசாதாரணமாக நடந்தது. எங்கே வாழ்வது என்பது இவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்ட விஷயமாக இருந்ததில்லை.

இனி வருவதுதான் என்னால் அமைதியாக எழுத முடியாத பகுதி. 1971 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறியது. வீட்டு பெயிண்டில் உள்ள காரீயத்தால் குழந்தைகளுக்கு நஞ்சேறுவதைத் தடுக்கும் சட்டம். மத்திய அரசின் பணத்தில் கட்டும் வீடுகளில் காரீய பெயிண்ட் பூசக் கூடாது என்பது அதில் முக்கியமானது. அந்தச் சட்டத்தின் மை உலரும் முன்பே, 1972-இல், அதே மத்திய அரசின் பணத்தில் ஈஸ்ட் சிகாகோ வீட்டுவசதி ஆணையம் வெஸ்ட் கலூமெட் குடியிருப்பைக் கட்டியது. 346 வீடுகள். கட்டிய இடம், அனகோண்டாவின் வெள்ளைக் காரீய ஆலை நின்ற நிலம். சுவரில் பூசக் கூடாது என்று சட்டம் சொன்ன அதே நஞ்சின் மேல் வீட்டை எழுப்பினார்கள். வீடுகள் எழுந்தபோது யூஎஸ்எஸ் லெட் உலை பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பதின்மூன்று ஆண்டு ஆயுள் பாக்கி.

வாடகை குறைவு, வீடு உறுதி, பக்கத்தில் பள்ளிக்கூடம். குடும்பங்கள் நம்பி வந்தன. பிள்ளைகள் புல்தரையில் ஓடினார்கள், மண்ணைத் தோண்டினார்கள், செருப்புக் காலோடு வீட்டுக்குள் வந்தார்கள். தவழும் குழந்தை தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கும். எந்த நாட்டுக் குழந்தையும் அதைத்தான் செய்யும். நூறாண்டுப் பயணத்தில் காரீயத்துக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு சாண் தூரம்தான், தரையிலிருந்து வாய்க்கு.

வயிற்றுக்குள் போனதும் உடல் ஏமாறுகிறது. காரீயத்தைக் கால்சியம் என்று எண்ணி உள்ளே அனுமதிக்கிறது. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு போல இரத்தத்தில் சேரும். சிறு குழந்தைகளுக்கு ஏறக்குறையப் பாதி சேர்ந்துவிடும். வயிறு காலியாக இருந்தால், இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால், இன்னும் கூடும். வறுமை இங்கேயும் நஞ்சுக்குக் கதவு திறக்கிறது. இரத்தத்திலிருந்து அது வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்குள் போகிறது, நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் இடங்களில் கால்சியம் செய்ய வேண்டிய வேலையைக் கெடுக்கிறது. காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை. பிள்ளை பாடத்தில் பின்தங்குகிறான், பொறுமை இழக்கிறான், சொன்னதை மறக்கிறான். பழி பிள்ளைமேல் விழும், இல்லாவிட்டால் வளர்த்தவள்மேல்.

இதைக் கண்கூடாகக் காட்டியவர் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவர். இரத்தத்தில் காரீயம் சில வாரங்களில் குறைந்துவிடும், பழைய கதையைச் சொல்லாது. பல் சொல்லும். மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பள்ளிகளில் விழுந்த பால் பற்களை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடமிருந்து சேகரித்து, பல்லுக்குள் எவ்வளவு காரீயம் தங்கியிருக்கிறது என்று அளந்தார். அதிகம் இருந்த பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் குறைவு. கவனம் சிதறுகிறது என்று ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்ததும் பெரும்பாலும் அவர்களைப் பற்றியே. நோய் என்று ஒருவரும் சொல்லாத, வெளிப்பார்வைக்கு நலமாக இருந்த பிள்ளைகள் அவர்கள். 1979-இல் முடிவுகள் வெளிவந்தன. பிறகு அவர்மேல் ஆய்வு மோசடிப் புகார் எழுப்பி விசாரணைக்கு இழுத்தார்கள், குற்றமற்றவர் என்று வெளியே வந்தார்.

அவரும் அவரைப் போன்றவர்களும் தந்த சான்றுகளால் அமெரிக்க அரசின் எச்சரிக்கை அளவு படிப்படியாக இறங்கியது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 1960-களில் 60 மைக்ரோகிராம், 1971-இல் 40, 1985-இல் 25, 1991-இல் 10, 2012-இல் 5, 2021 முதல் 3.5. தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். ஒவ்வொரு முறை எண் இறங்கியபோதும், நேற்றுவரை 'நலம்' என்று சீட்டு வாங்கிப் போன பிள்ளைகளின் ஒரு கூட்டம் பின்னால் நிற்கிறது.

ஈஸ்ட் சிகாகோவில் காகிதங்கள் மெல்ல நகர்ந்தன. யூஎஸ்எஸ் லெட் இடத்தை சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கலாம் என்ற யோசனை 1992-இல் வந்தது. சேர்த்தது 2009-இல். சுற்றியிருந்த குடியிருப்புகளையும் சேர்த்து 322 ஏக்கரை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள், வெஸ்ட் கலூமெட் முதல் மண்டலம். 2011-இல் மத்திய அரசின் நச்சுப்பொருள் சுகாதார முகமை ஓர் அறிக்கை தந்தது. அங்கே காற்றைச் சுவாசிப்பதோ, தண்ணீர் குடிப்பதோ, மண்ணில் விளையாடுவதோ உடல்நலத்தைப் பாதிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை என்றது அது. ஏழு ஆண்டுகள் கழித்து அதே முகமை வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி பேசியது. 2005-க்கும் 2015-க்கும் இடையில், நகரின் மற்ற பகுதிகளைவிட அந்தப் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் மிகுந்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. பாதிக்காது என்ற சொல்லை நம்பி ஐந்தாண்டுகள் மண்ணில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தத் திருத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை.

2014-இல் நீதிமன்ற உடன்பாடு வந்தது. அனகோண்டாவின் வாரிசான அட்லாண்டிக் ரிச்ஃபீல்டும் டூபாண்டும் முதல், மூன்றாம் மண்டலங்களின் துப்புரவுக்கு சுமார் 2.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. மண் மாதிரிகள் எடுத்தார்கள். முடிவுகள் நகராட்சியின் கைக்கு வந்தது 2016 மே மாதம். ஜூலை கடைசியில் மேயர் அந்தோணி கோப்லாண்டின் கடிதம் வீடு வீடாகப் போனது: நீங்கள் இங்கிருந்து இடம்பெயர வேண்டும். சுமார் 1,100 பேர், அவர்களில் 670 பேர் குழந்தைகள். புல்தரைகளில் பலகைகள் முளைத்தன, மண்ணில் விளையாடாதீர்கள் என்று. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அங்கே மனிதர் குடியிருந்த பிறகு.

நஞ்சு நிலத்தில் இருந்ததென்றால் அதை வைத்தவர்கள் வெளியேற வேண்டும். வெளியேறியது குடியிருந்தவர்கள். கையில் வாடகை உதவிச் சீட்டைக் கொடுத்து, சில மாதக் கெடுவில் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே நேரத்தில் முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் வீடு தேடினால் அந்தச் சிறு நகரத்தில் வீடு ஏது? அந்தச் சீட்டை ஏற்க எல்லா வீட்டுக்காரர்களும் தயாராகவும் இல்லை. பக்கத்தில் இருந்த கேரி காஷ் தொடக்கப் பள்ளியைப் பள்ளி திறக்கும் நேரத்தில் வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். அவசரநிலை அறிவிக்கும்படி நகராட்சி மாநில அரசைக் கேட்டது. ஆளுநராக இருந்து துணை அதிபராகப் போகவிருந்த மைக் பென்ஸ் 2016 டிசம்பரில் மறுத்தார். அடுத்து வந்த எரிக் ஹோல்கோம்ப் 2017 பிப்ரவரியில் அறிவித்தார். அதற்குள் பல குடும்பங்கள் மூட்டை கட்டிவிட்டன.

சும்மா இருக்கவில்லை அந்த மக்கள். கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள், கலூமெட் லைவ்ஸ் மேட்டர் என்ற பெயரில் திரண்டார்கள், பல்கலைக்கழகங்களின் இலவசச் சட்ட உதவி மையங்களோடு சேர்ந்து வழக்காடினார்கள். மேல் மண்ணில் எவ்வளவு இருந்தது, எப்போது தெரியும், தெரிந்ததை ஏன் சொல்லவில்லை என்று விடாமல் கேட்டார்கள். மத்திய வீட்டுவசதித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2021-இல் தந்த அறிக்கை, அந்த இடத்தின் மாசை முன்பே கண்டறியக் கிடைத்த வாய்ப்புகளை அத்துறை பலமுறை தவறவிட்டது என்று சொன்னது.

மற்ற இரண்டு மண்டலங்களில் சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம். அங்கே வீட்டை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டினார்கள். இரண்டடி ஆழம்வரை வெட்டி எடுத்து, நல்ல மண் கொட்டி, புல் பதித்தார்கள். இரண்டடிக்குக் கீழேயும் நஞ்சு இருந்தால், அதன் மேல் ஆரஞ்சு நிற வலையோ துணியோ விரித்துவிட்டு நிரப்ப வேண்டும் என்பது திட்டம். பின்னாளில் யாராவது மரம் நடவோ குழாய் பதிக்கவோ தோண்டும்போது கடப்பாரையில் ஆரஞ்சு நிறம் மாட்டினால், அதற்குக் கீழே போகாதே என்று பொருள். வெட்டி எடுத்த மண் லாரிகளில் ஏறி வேறொரு குப்பைமேட்டுக்குப் போனது. காரீயம் அழிவதில்லை, முகவரிதான் மாறும்.

தோண்டும்போது இன்னொன்றும் வெளிப்பட்டது. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய இணைப்புகள் பலவும் காரீயக் குழாய்கள். இயந்திரங்களின் அதிர்வில் குழாயின் உட்படிவு பெயர்ந்து தண்ணீரில் கலக்குமோ என்ற ஐயத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 43 வீடுகளில் சோதித்தது. 18 வீடுகளில் குடிநீரில் காரீயம் வரம்பு மீறி இருந்தது. முற்றத்து மண்ணுக்கு நீதி கேட்டவர்கள் சமையலறைக் குழாய்க்கும் சேர்த்துக் கேட்க வேண்டியதாயிற்று. வடிகட்டிகள் வந்தன, குழாய்களை மாற்றும் வேலை தொடங்கியது.

வெஸ்ட் கலூமெட் வீடுகளை 2018-இல் இடித்தார்கள். அந்த இடத்தில் மறுபடி வீடு வேண்டும், வீடு கட்டும் அளவுக்கு மண்ணைச் சுத்தம் செய்யுங்கள் என்று மக்கள் கேட்டார்கள். 2020-இல் முகமை எடுத்த முடிவு, நிலத்தைத் தொழில், வணிகப் பயன்பாட்டுக்கு ஏற்ற அளவில் சுத்தம் செய்வது. குழந்தைகள் வாழ்ந்த காலமெல்லாம் வீட்டுநிலமாக இருந்தது, அவர்களை அனுப்பிய பிறகு தொழில்நிலமாகியது. தொழில்நிலத்துக்கு அளவுகோல் தளர்வானது, செலவும் குறைவு. 2024-இல் முகமை வீட்டு மண்ணுக்கான காரீய அளவை 400-லிருந்து 200 மில்லிகிராமாகக் குறைத்தது. பழைய அளவை வைத்துத் தோண்டாமல் விட்ட முற்றங்களைப் பற்றி மக்கள் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

மண்ணில் இருந்ததன் கதை இவ்வளவு. உடலில் ஏறியது இன்னும் பயணத்தில் இருக்கிறது. குழந்தையின் உடலில் சேரும் காரீயத்தில் முக்கால்வாசி எலும்பில் போய் உட்காரும், அங்கே பல பத்தாண்டுகள் தங்கும். 2016-இல் வெஸ்ட் கலூமெட்டில் ஐந்து வயதாக இருந்த பெண்பிள்ளைகள் இன்று பக்கத்து ஊர்களான ஹாமண்டிலோ கேரியிலோ, அல்லது சிகாகோவிலோ வளர்ந்து நிற்கிறார்கள். கர்ப்பக் காலத்தில் சிசுவுக்குக் கால்சியம் தர உடல் எலும்பைக் கரைக்கும். கரையும் எலும்போடு காரீயமும் இரத்தத்துக்கு வரும், நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. முன்கூட்டியே தெரிந்தால் இரத்தத்தைச் சோதிக்கலாம், கால்சியமும் இரும்புச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பெண்களைப் பார்க்கும் மருத்துவர், இப்போது எங்கே குடியிருக்கிறாய் என்பதோடு, சிறுவயதில் எங்கே குடியிருந்தாய் என்றும் கேட்க வேண்டும். அந்த விவரத்தை அவர்கள் போகும் ஊர்களுக்கெல்லாம் மருத்துவப் பதிவில் சேர்த்து அனுப்புவது, அவர்களை அங்கே குடிவைத்தவர்களின் கடமை.